காவலர் இல்லாத சாலையில்

திருப்பரங்குன்றத்திலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் ஒரு மாலை வேளை. நோயாளி ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்க விரைந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த வாகனத்தின் முகப்பு விளக்கு இருமுறை இமைத்தது. முன்னே காவலர் வேகத்தை அளந்துகொண்டிருக்கின்றனர் எனப் புரிந்தது. வேகத்தைக் குறைத்தோம், அவர்களைக் கடந்ததும் மீண்டும் கூட்டினோம். உடன் வந்த உபதேசியார், "இது பாவமா, சாமி?" என்றார். உடனே விடை கூற இயலவில்லை.

மேலைநாடுகளில் இதற்கெனக் கருவியே உண்டு. காவலரின் ராடார் அலையை முன்கூட்டி உணர்ந்து அது ஓட்டுநரை எச்சரிக்கும். பிரான்சும் செருமனியும் அதன் பயன்பாட்டைத் தடைசெய்துள்ளன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் சொந்தக் கார்களில் அதனை அனுமதிக்க, வர்ஜீனியா மறுக்கிறது. சட்டம் எல்லைக்கு எல்லை மாறுகிறது. மனச்சான்றும் அவ்வாறு மாறலாமா?

சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுவதில்லை, பிடிபட்டால் தண்டனையை ஏற்றாலே போதும் என்று அறநெறி இறையியலார் சிலர் முற்காலத்தில் கற்பித்தனர். போக்குவரத்து விதிகளை இன்றும் பலர் இவ்வாறே கருதுகின்றனர். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 30ஆம் எண், வேக வரம்பையே வெளிப்படையாகச் சுட்டி, அதனைப் பொருட்படுத்தாதோர் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் இடர் விளைவிக்கின்றனர் என உணர்த்துகிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அபராதச் சீட்டு அதனைக் குறைப்பதில்லை.

எனில், எச்சரிப்பதே தவறா? அன்று. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ, மின்னணுக் கண்காணிப்புள்ள சாலைப் பகுதிகளுக்கு முன்னே அறிவிப்புப் பலகை வைக்கப் பணிக்கிறது. சட்டத்தின் நோக்கம் பிடிப்பதன்று, காப்பதே. பலகை வரம்பை எல்லார்க்கும் நினைவூட்டுகிறது. கருவியோ, காவலர் இல்லாத இடத்தில் வரம்பை மீறத் துணிவூட்டுகிறது. விளக்கை இமைப்பவரும் தாம் யாருக்கு உதவுகிறோம் என்பதை அறியார். எதிரே வருபவர் குடிபோதையிலும் இருக்கலாம்.

நோயாளியிடம் விரைந்தது நியாயந்தானே எனலாம். அதுவே உண்மைக் காரணமாயின், காவலரிடமே அதனைக் கூறியிருக்கலாம். நாம் மறைத்தோம்; அம்மறைப்பே நம்மைக் குற்றம் சாட்டியது.

தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்று, மனச்சான்றின் பொருட்டும் பணிய வேண்டும் என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். குன்றத்திற்கு நடந்து வரும் முருகனடியாரும், வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களும் இச்சாலைகளின் ஓரத்தில்தான் நடக்கின்றனர். வேக வரம்பு அவர்களுக்காகவே.

திரும்பும் வழியில் காவலர் இல்லை, எவ்விளக்கும் இமைக்கவில்லை. மெதுவாகவே வந்தோம். உபதேசியாரின் கேள்விக்கு அப்போதுதான், "ஆம்" என்றோம்.