பூஜைக்கு வைத்த கருவி

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கிறார்கள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி அது என்பது மரபு. இந்த ஊர்கள் உள்ள குமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அந்த வருகை நிற்கவில்லை. திருவிதாங்கூர் மன்னரின் உடைவாளும் கூடவே வருகிறது. துர்க்காஷ்டமி மாலை நகரத்து வீடுகளில் புத்தகங்களும் வார்க்‌ஷாப்புகளில் ஸ்பேனர்களும் பூஜைக்கு ஏறும். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரை அவற்றை யாரும் தொடமாட்டார்கள். பொட்டையும் பூவையும்விட இந்தத் தொடாமைதான் வழிபாட்டின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டு முழுவதும் நம் கைக்கு அடங்கிக் கிடந்த பொருளின் முன் அன்று நாம் அடங்கி நிற்கிறோம். அந்த அடக்கம் மறுநாளே முடிந்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

முடியக்கூடாது என்பதற்கு ஒரு பழைய காரையே சாட்சியாக அழைக்கிறேன். 1959இல் வெளிவந்த மினி காரில் சுருள் வில்லுக்குப் பதிலாக ரப்பர் கோன்கள் உண்டு. வண்டியை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், கோன்களை உருவாக்கியவர் அலெக்ஸ் மோல்ட்டன். முன்சக்கரத்துக் கோனைக் கழற்ற அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. என்ஜின் அறைக்குள் மேலிருந்து ஒரு மரைத் தண்டை இறக்கி, கோனின் நடுவிலுள்ள மரையில் கையாலேயே போதிய சுற்று ஏற்றவேண்டும். பிறகு தண்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்கினால் கோன் மேலே இழுபட்டு அமுங்கும். அதைத் தாங்கும் முட்டு தளர்ந்து வெளியே வரும். பழைய வண்டிகளில் அங்குல மரை, பிந்தியவற்றில் மெட்ரிக் மரை. மாற்றி ஏற்றினாலும், இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டாலும், நட்டைத் தளர்த்தும்போது தண்டையும் சேர்த்துச் சுழல விட்டாலும் பிடி போய்விடும். அமுக்கியபோது ரப்பருக்குள் போன விசை முழுவதும் அந்த ஒரு நொடியில் திரும்பி வரும். எதிரே இருப்பது மனிதனின் விரலா முகமா என்று அது பார்ப்பதில்லை. நெடுமங்காட்டுச் சரிவுகளில் ரப்பர் மரத்திலிருந்து சொட்டும் பால் கந்தகம் சேர்ந்து வெந்தபின் இப்படியொரு வலிமை பெறுகிறது. அதன் முன் பணிவென்றால், மரையைத் துடைத்துப் பார்ப்பதும் தேய்ந்த தண்டை ஒதுக்கி வைப்பதும்தான்.

பக்தர் ஒருவர் மறுக்கலாம்: பூஜை என்பது சரணாகதி, அறிவுக்கு அங்கே என்ன வேலை? வைத்த கருவியைத் தேவி காப்பாள் என்று நம்பினால் போதாதா? அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கருவியோடு சேர்த்து ஏட்டையும் பூஜைக்கு வைக்கச் சொன்ன மரபு இது. வணங்கப்படுபவளோ கல்விக்குத் தெய்வம். அறியாமல் இருப்பதை அவளுக்குக் காணிக்கையாக எப்படிக் கொடுப்பது? பகுத்தறிவாளரின் மறுப்பு இதைவிட வலுவானது. கையேட்டில் எல்லாம் இருக்கும்போது தெய்வம் எதற்கு என்பார். கருவியைப் பிடிக்கும் முறையைக் கையேடு சொல்லும், உண்மைதான். பத்தாவது வண்டியில், யாரும் பார்க்காதபோது, பழகிப்போன கை ஏன் மறுபடியும் சுற்றுகளை எண்ணவேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. வள்ளுவர் பொச்சாவாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். மகிழ்ச்சியின் மிதப்பில் வரும் மறதியை அவர் சினத்தைவிடக் கொடியதாக எண்ணினார். தெரியாதவனைவிட, தெரிந்து மறந்தவனுக்குத்தான் அந்த எச்சரிக்கை. நாத்திகரும் இந்த விழிப்போடு வேலை செய்யலாம், செய்கிறார்கள். அவர்களும் கருவிக்கு மரியாதை செய்கிறார்கள் என்றே கொள்வேன்.

என்னை உண்மையில் தடுமாற வைப்பது வேறொரு மறுப்பு. சரியான கருவி வாங்க வசதியில்லாத சிறு பட்டறைக்காரனிடம் போய்ப் பணிவைப் பற்றிப் பேசுவது நியாயமா? கிடைத்த போல்ட்டையும் ஒரு துண்டு இரும்புக் குழாயையும் வைத்து அவன் சமாளிப்பது அகந்தையால் அல்ல, அன்றைய கூலிக்காக. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் காரின் சொந்தக்காரர். பழைய காரை வைத்திருப்பது அவருக்கு ஆசை. அதன் அடியில் தலையைக் கொடுப்பது இன்னொருவருக்குப் பிழைப்பு. மகாநவமியன்று பானட்டில் சந்தனம் பூசி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர், அந்தக் கருவியை வாங்கிப் பட்டறைக்குக் கொடுக்கவும், கோன் மாற்றும் நாளில் அவசரப்படுத்தாமல் இருக்கவும் கடமைப்பட்டவர். எலுமிச்சை நசுங்கியதும் அவர் பூஜை முடிந்துவிடவில்லை. அது முடிவது மெக்கானிக் முழுக் கையோடு வீடு திரும்பும்போது.