கடைசியாக வரும் சைக்கிள்



சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போனால் வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான். சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொரு வளைவும் தனித்தனி மலை. 300 மீட்டர் உயரம்கூட இல்லாத சேலத்திலிருந்து 1,500 மீட்டர் வரை நம் கால்தான் நம்மைத் தூக்கிப் போகவேண்டும். போன தை மாதம் நம் பங்கு இளைஞர்கள் பன்னிரண்டு பேரோடு நானும் மூன்று நாள் பயணமாக அந்த மலை ஏறினேன்.

ஒன்பதாவது வளைவுக்கு மேல் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சியில் மிதித்துக்கொண்டே முதல் ஆளாக ஏரிக்கரையில் போய் இறங்கினேன். மற்றவர்கள் வந்ததும் தலைகளை எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது. மலையில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேருடன் திரும்பிக் கீழே போனேன். பதினான்காவது வளைவில், சாலையோரச் சுவரில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தான். செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பு எண்ணெய். என்னைக் கண்டதும் அவன் சொன்னது: “நீங்க போங்க ஃபாதர், நான் பஸ்ல வந்துடறேன்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற கூச்சம் மட்டும்தான் இருந்தது. அன்றிரவு காபித் தோட்டத்து ஓரம் கூடாரம் அடித்தோம். அவனுடைய கூடாரத்து முளை ஈர மண்ணில் நிற்கவில்லை. முன்னால் வந்து சேர்ந்தவர்களே கல் பொறுக்கி வந்து கட்டிக் கொடுத்தார்கள். அங்கேதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

குழுவாக நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் வருவார். ‘ஸ்வீப்’ என்பார்கள். பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் அவர் பையில். யாரையும் அவர் முந்தக்கூடாது. முதலாவதாகப் போகக்கூடிய தெம்புள்ளவரைத்தான் அங்கே நிறுத்தவேண்டும் என்பது என் எண்ணம். மறுநாள் ஏற்காட்டைச் சுற்றும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் நான் அந்த இடத்தில் போனேன். முன்னால் போனபோது சாலையைத்தான் பார்த்தேன். பின்னால் வந்தபோது பிள்ளைகளைப் பார்த்தேன்: யாருக்கு முழங்கால் வலி, யார் டயரில் காற்று இறங்குகிறது, யார் காலையில் சாப்பிடவில்லை.

எண்ணிக்கை நூல் 10ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் புறப்படும் வரிசை அதில் இருக்கிறது. யூதா முன்னால். எல்லாப் பாளையங்களுக்கும் பின்காவலாகத் தாண் குலம். தாண் பாளையம் சிறியதல்ல: 1,57,600 பேர் என்று இரண்டாம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. இவ்வளவு பெரிய பலத்தை ஆண்டவர் கடைசியில் வைத்தார். வழியில் களைத்துப் பின்தங்கியவர்கள்மீதுதானே எதிரிகளான அமலேக்கியர் பாய்ந்தார்கள்!

அடுத்து, அதே நூலில் மோசேயின் சகோதரி மிரியாம். மோசேக்கு எதிராகப் பேசினார், தொழுநோய் கண்டது, ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே வைக்கப்பட்டார். தவறு அவருடையதுதான். ஆனாலும் அவர் திரும்பி உள்ளே வரும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டை நோக்கிப் போகிற ஒரு முழு மக்களினம், ஒரு பெண்ணுக்காக ஏழு நாள் கூடாரத்தைப் பிரிக்காமல் காத்திருந்தது.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கில் ஒரு குடும்பம் சில மாதமாகப் பூசைக்கு வருவதில்லை. போன வாரம் வழியில் அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்தேன். “நீங்க நடத்துங்க ஃபாதர், எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்றார். பதினான்காவது வளைவில் கேட்ட அதே குரல். பூசை முடிந்ததும் நான் அங்கே போகிறேன். இரண்டு பேர் என்னோடு வாருங்கள்.