சும்மா இருக்கிறவள்

2010ஆம் ஆண்டு பொங்கலையொட்டி நியூஜெர்சியின் எடிசன் நகரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். ஆண்கள் சோபாவில் உட்கார்ந்து, இந்த மாத விசா புல்லட்டினில் இந்தியர்களுக்கான தேதி நகர்ந்ததா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்படிப் பக்கம் நின்றிருந்த எங்களில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

அதற்கு முன் அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் சொன்னதில்லை. என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று பிள்ளைகளையும் இரண்டு மாடுகளையும் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரையும் பார்த்துக்கொண்ட அவர், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம் "நான் வீட்ல சும்மாதான் இருக்கேன் சார்" என்றார். அப்போது நான் கல்லூரி மாணவி. அன்று இரவு முழுவதும் அவரோடு சண்டை போட்டேன். பத்து வருடங்களுக்குப் பிறகு, முனைவர் பட்டமும் நான்கு ஆண்டு விரிவுரையாளர் அனுபவமும் வைத்திருந்த என் வாயிலிருந்து அதே சொல் தடையில்லாமல் வந்தது.

என் கணவருடைய விசா ஹெச்-1பி. என்னுடையது ஹெச்-4. ஹெச்-1பி ஊழியரின் துணைவர் என்ற ஒரே தகுதியில் தரப்படும் விசா அது. அவருடைய வேலை இருக்கும்வரை நானும் இருக்கலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம். சம்பாதிக்கக் கூடாது. வேலை செய்ய அனுமதி இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடையாது. அந்த நாட்டில் அந்த எண் இல்லாதவர் பாதி ஆள்தான். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனபோது, எனக்கு அந்த எண் பெறத் தகுதியில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதற்காக ஒரு காலைப் பொழுது வரிசையில் நின்றேன். தகுதிச் சான்றிதழ்கள் பல வாங்கியிருந்த நான், தகுதியின்மைக்கென்று வாங்கிய முதல் சான்றிதழ் அது.

என் ஆய்வு பாலைத்திணை பற்றியது. பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவனும் வீட்டில் காத்திருக்கும் தலைவியும்தான் பல ஆண்டுகள் என் படிப்பாக இருந்தார்கள். கடல் கடந்த பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். விமானத்தில் ஏறியபோது அந்த நூற்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நான் காத்திருக்கவில்லை, கூடவே போகிறேன், இரண்டாயிரம் ஆண்டு மரபை மீறிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டொன்று, ஆணுக்குச் செயலே உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கோ அந்த ஆணே உயிர் என்ற பொருள்படச் சொல்கிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பழைய சமூகத்தின் பார்வை என்று கடந்துபோயிருக்கிறேன். என் கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசா அதே கருத்தைச் சட்டமாக எழுதி வைத்திருந்தது. அவர் வேலை போனால் என் இருப்பும் போகும். இப்போது வேலை இழந்தவருக்கு 60 நாள்வரை அவகாசம் உண்டு. 2017இல் வந்த விதி அது. நான் இருந்த காலத்தில் அதுவும் கிடையாது.

சும்மா இருந்த நான் என்ன செய்தேன்? காலையில் எழுந்து சமைத்தேன். நிலவறையிலிருந்த இயந்திரத்தில் கால் டாலர் நாணயங்களைப் போட்டுத் துணி துவைத்தேன். பனி கொட்டிய நாள்களில் காரைச் சுற்றி அள்ளினேன். 2011இல் மகள் பிறந்த பிறகு பகலும் இரவும் ஒன்றாயின. இதே வேலைகளை எதிர்வீட்டுக்குப் போய்ச் செய்து, அவர்கள் மணிக்குப் பத்து டாலர் கொடுத்திருந்தால் நான் சட்டத்தை மீறியவள். என் வீட்டில் செய்தால் சும்மா இருப்பவள். குழந்தையும் ஒன்றுதான், கழுவும் பாத்திரமும் ஒன்றுதான், வலிக்கும் முதுகும் ஒன்றுதான். ஆக, அந்தச் சட்டம் என்னை வேலை செய்யக் கூடாது என்று சொல்லவே இல்லை. கூலி வாங்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னது. கூலி இல்லாததை வேலை என்று ஒப்புக்கொள்ளாத பழக்கம் நம் வீடுகளிலும் அந்த நாட்டுச் சட்டத்திலும் ஒன்றுபோல இருந்ததால்தான் நான் இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு எளிதாகப் பொருந்திப்போனேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். உன்னை யார் கட்டாயப்படுத்தினார்கள்? விசா விதிகளைப் படித்துத்தானே கையெழுத்துப் போட்டாய்? கணவர் அடித்தாரா, பட்டினி போட்டாரா? இல்லை. அவர் நல்லவர். இன்றும் என் நண்பர். அவர் நல்லவராக இருந்ததால்தான் இந்தக் கேள்வியை நேராகப் பார்க்க முடிகிறது. கொடுமைக்காரக் கணவன் வந்துவிட்டால் நாம் எல்லாப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டு, அமைப்பைத் தப்பவிட்டுவிடுவோம்.

2012இல் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்யவேண்டி வந்தது. கல்லூரியில் தொகுப்பூதியம் வாங்கிய காலத்தில் மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் கொடுத்தவள் நான். அன்று இரவு உணவுக்குப் பிறகு கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள்ளேயே, "எவ்வளவு வேணும், சொல்லு. இப்பவே அனுப்பிடறேன்" என்றார். பத்து நிமிடத்தில் பணம் போய்விட்டது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் அழுதேன் என்று எனக்கே விளங்கவில்லை. கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்த மனிதரிடம் என்ன குறை கண்டேன்?

விளங்க நாளாயிற்று. அவர் "ஆகட்டும்" என்றார். "இல்லை" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் முடிவு அவருடையது. அவர் மனம் நல்லதாக இருந்தது என் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை உரிமை என்று சொல்ல முடியாது. நல்ல எஜமானிடம் இருக்கும் அடிமைக்குச் சாட்டையடி இல்லாமல் இருக்கலாம், அதனால் அவர் அடிமை இல்லை என்று ஆகிவிடாது. யாரும் என்னைத் தடுக்காமல் இருப்பது வேறு, தடுக்கும் அதிகாரம் யார் கையிலும் இல்லாமல் இருப்பது வேறு. பின்னதைத்தான் சுதந்திரம் என்று சொல்ல வேண்டும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த அதிகாரத்தை என் கணவரும் கேட்டு வாங்கவில்லை. சட்டம் அவர் கையில் திணித்தது. எங்கள் திருமணத்தில் இல்லாத ஒரு ஏற்றத்தாழ்வை ஒரு அரசாங்கம் கொண்டுவந்து வைத்துவிட்டு, இனி உங்கள் அன்பால் இதைச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள் என்று விலகிக்கொண்டது.

இது புதிய ஏற்பாடும் அல்ல. கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள், மனைவியின் சட்ட இருப்பு கணவனுக்குள் அடங்கிவிடுகிறது என்று இங்கிலாந்தின் பழைய சட்டக் கோட்பாட்டை வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765இல் விளக்கி எழுதினார். மணமான பெண்ணின் கூலி அவளுக்கே சொந்தம் என்று அந்த நாட்டில் சட்டம் வர 1870 ஆயிற்று. நூற்றாண்டுகள் கடந்து நான் நின்ற இடத்தில் கூலி என்ற ஒன்றே இல்லை. அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் இடமில்லாமல் போயிற்று.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி" என்று அம்மா தொலைபேசியில் சொல்வார். இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ்க் குடும்பம் முழுசாகச் சுவீகரித்துவிட்டது. கதவும் சட்டமும் பொருந்தவில்லையென்றால் எதைச் சீவுவது என்று தச்சர் பார்த்து முடிவு செய்வார். நம் வீட்டில் எப்போதும் சீவப்படுவது ஒரே பக்கம்தான். நானும் சீவிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளியில் ஊதியமில்லாமல் பாடம் நடத்தினேன். குழந்தைகள் "அம்மா" என்று எழுதப் பழகிய அந்த இரண்டு மணிநேரம்தான் வாரத்தில் நான் என் பெயரோடு இருந்த நேரம். அதுவும் ஊதியம் இல்லாதவரைதான் அனுமதிக்கப்பட்டது.

இதுவரை எழுதியதில் நான் பாதிக்கப்பட்டவள். இனி எழுதப்போவதில் அப்படி இல்லை.

எங்கள் குடியிருப்பில் இன்னொரு பெண் இருந்தாள். எம்.சி.ஏ. படித்தவள், தஞ்சாவூர்ப் பக்கம், என்னைவிட நான்கைந்து வயது இளையவள். அவளுக்கும் ஹெச்-4 விசாதான். அவள் வீட்டில் சப்பாத்தி போட்டு விற்றாள். விளம்பரம் கிடையாது, ரசீது கிடையாது. தெரிந்தவர்கள் கதவைத் தட்டி வாங்கிப் போவார்கள். 20 சப்பாத்தி எட்டு டாலர். அந்தப் பணத்தை அவள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மகள் கைக்குழந்தையாக இருந்த மாதங்களில் நானும் அவளிடம் வாங்கினேன்.

ஒருநாள், "ஓக் ட்ரீ ரோடு கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே" என்றேன். ஆறு டாலரை நீட்டினேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "சரிக்கா, நீங்க குடுக்கறதக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். அதன் பிறகும் பல மாதங்கள் ஆறு டாலரே கொடுத்தேன்.

கடையில் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கடையில் நான் பேரம் பேசியதே இல்லை. அவளிடம் பேச முடிந்ததற்குக் காரணம் வேறு. அவளால் மறுக்க முடியாது, யாரிடமும் போய் முறையிட முடியாது, அவள் செய்வதே சட்டத்துக்குப் புறம்பானது என்பது எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லிக்கொண்டு நான் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்த அறிவு என் கையில் இருந்தது, ஆறு டாலரை நீட்டியதும் அந்தக் கைதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஆறு டாலர் என் கணவர் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது. அதில் மிச்சம்பிடித்து நல்ல குடும்பத்தலைவி என்று பெயரெடுக்கும் ஆசை எனக்குள் இருந்தது. சம்பாதிக்க வழியில்லாத ஒருத்திக்குச் சேமிப்புதான் சம்பாத்தியம். என் சேமிப்பு அவள் கூலியிலிருந்து வந்தது.

அவள் சட்டத்தை மீறியது தவறா? நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தேன். விதிக்கு அடங்கி இருந்த நான் ஒரு படி மேல் என்றுகூட உள்ளூர நினைத்திருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. தன் கையால் செய்த பொருளுக்கு விலை வாங்குவதை ஒரு சட்டம் குற்றமாக்கினால், அதை மீறுகிறவருக்குத் தண்டனை கிடைக்கலாம். அவர் செய்தது இழிவு என்று ஆகாது. தண்டனைக்குரியதும் தவறானதும் ஒன்றல்ல. நான் செய்தது எந்தச் சட்டத்திலும் தண்டனைக்குரியதல்ல. ஆனால் அது தவறு.

வளைகுடா நாடுகளில் கட்டடவேலை செய்யும் ஆண்களின் மனைவியருக்கு இந்தக் கவலைகூடக் கிடையாது. குறைந்தபட்ச வருமானம் இருந்தால்தான் அங்கே குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியும். அந்தப் பெண்கள் பாலைத்திணைத் தலைவிகளாகவே ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் என் துயரம் வசதியானவளின் துயரம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசதி என்பது சுதந்திரத்துக்கு ஈடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2014இல் மகளோடு நான் மட்டும் ஊர் திரும்பினேன். பழையபடி தொகுப்பூதிய வேலை. கணவர் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தார். அந்த இடைவெளியில் உறவினர் ஒருவர்கூட, "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்கவில்லை. "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையா?" என்றுதான் கேட்டார்கள். ஒரு பெண் வேலைக்காகக் கடல் தாண்டி வருவாள் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

2015 மே 26 முதல், நிரந்தரக் குடியுரிமைப் பாதையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் ஹெச்-4 துணைவருக்கு அமெரிக்கா வேலை அனுமதி கொடுக்கத் தொடங்கியது. நிறுவனத்துக்குள் இடமாற்றலாகி எல்-1 விசாவில் வருபவரின் துணைவருக்கு அது 2002லேயே கிடைத்திருந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில், எந்த எழுத்தைக் கொண்ட விசாவில் கணவன் வந்தான் என்பதைப் பொறுத்து ஒரு பெண் மருத்துவராகவோ சும்மா இருப்பவளாகவோ இருந்தாள். புதிய அனுமதியால் பயன்பெற்றோரில் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த அனுமதி அவளுடைய படிப்பைப் பார்த்துத் தரப்படுவதில்லை. கணவனின் கோப்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தே தரப்படுகிறது.

சும்மா இருப்பதை மிக உயர்ந்த நிலையாகச் சொல்லும் மரபு நம்முடையது. முருகன் அருணகிரிநாதருக்குச் செய்த உபதேசமே அதுதான் என்பார்கள். எல்லாச் சித்துகளையும்விடச் சும்மா இருப்பதே அரிது என்று தாயுமானவர் பாடினார். துறவி எல்லாம் இருந்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்கிறார். அவருக்கு யாரோ ஒரு பெண் சோறு போடுகிறாள். அந்தப் பெண்ணைக் கேட்டால் அவளும் "சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

குறுந்தொகைப் பாட்டை இப்போதும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அவ வீட்ல செய்யறதெல்லாம் வினை இல்லையா?" பதில் சொல்லத் தொடங்கியபோது எனக்கு நினைவுக்கு வந்தது தலைவி அல்ல, சப்பாத்தி மாவு ஒட்டிய ஒரு கை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. வேலை அனுமதி கிடைத்ததா, எம்.சி.ஏ.வுக்குத் தகுந்த வேலையில் இருக்கிறாளா, தெரியாது. ஒவ்வொரு முறையும் இரண்டு டாலர், ஏறத்தாழ எட்டு மாதம், வாரத்துக்கு ஒருமுறை. அறுபது, எழுபது டாலர் வரும். அது என் கடன். மாணவியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். பாட்டுக்கு அதன் பிறகே வந்தோம்.