ஹகீம் சாகிபும் நம் கல்லாப் பெட்டியும்

 

ரமலான் நெருங்கிவிட்டால் நம் கடைகளில் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் சர்பத்துப் புட்டிகளையும் அடுக்கி வைக்கிறோம். அவற்றில் 'ரூஹ் அஃப்ஸா' என்னும் சிவப்புச் சர்பத்தை அறியாத வியாபாரி நம்மில் இரார். வாங்கினோம், விற்றோம், நோன்பு துறக்கையில் பாலில் கலந்து பருகினோம். ஆனால் அந்தப் புட்டிக்குப் பின்னால் ஒரு வைத்தியரின் வாழ்க்கை இருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

1906-ஆம் ஆண்டில் பழைய டில்லியில் ஹாபிஸ் அப்துல் மஜீத் என்ற யூனானி வைத்தியர் ஒரு சிறிய மருந்துக் கடை திறந்தார். 'ஹம்தர்து' என்று அதற்குப் பெயரிட்டார். பிறர் துன்பத்தில் பங்கு கொள்பவன் என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டில், டில்லியின் கோடை வெப்பத்துக்கு ஏற்றதாக அவர் கூட்டிய பானமே ரூஹ் அஃப்ஸா. 1922-இல் அவர் வபாத்தானார். மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிறையவில்லை. இளைய மகன் முகம்மது சயீது இரண்டு வயதுக் குழந்தை. அவர்களுடைய தாயார் ராபியா பேகம் மனந்தளராமல் கடையைக் காத்தார். மகன் வளர்ந்து, வைத்தியம் கற்று, ஹகீம் அப்துல் ஹமீது என்று பேர் பெற்று அந்தப் பொறுப்பைத் தாங்கினார்.

1948-இல் ஹகீம் சாகிப் செய்த காரியந்தான் நம் சிந்தனைக்குரியது. நன்றாக நடந்துகொண்டிருந்த அந்த ஸ்தாபனத்தை அவர் வக்ஃபு ஆக்கினார். லாபத்தில் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கவில்லை. வியாபாரத்தையே அறத்துக்கு எழுதி வைத்தார். கொடுத்துவிட்டு ஒதுங்கியும் போகவில்லை. அதற்கு முதவல்லியாக இருந்து மேலும் 51 ஆண்டுகள் உழைத்தார். நோயாளிகளின் நாடி பார்ப்பதையும் விடவில்லை. அந்த வருமானத்திலிருந்து ஆராய்ச்சி நிலையமும், மருத்துவமனையும், 1989-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஜாமியா ஹம்தர்தும் எழுந்தன. மருத்துவமனைக்குத் தந்தையின் பெயர். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தாயாரின் பெயர்.

நாடு இரண்டானபோது தம்பி கராச்சிக்குச் சென்றார். அங்கு வாடகை இடத்தில் புதிதாகத் தொடங்கி, அதையும் வளர்த்து வக்ஃபு ஆக்கினார். ஒரு தாய் மக்கள், இரண்டு நாடுகள், ஆனால் ஒரே நிய்யத்து! 1998 அக்டோபர் 17-ஆம் நாள் காலையில் வைத்தியசாலைக்கு வந்த தம்பியைக் கொலைகாரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அண்ணனும் மறைந்தார். அல்லாஹ் இருவருக்கும் மக்பிரத் அருள்வானாக.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குடும்பத்துக்கு உரியதைப் பொதுவுக்குக் கொடுப்பது நியாயமா? முதல் உரிமை வீட்டுக்கா, ஊருக்கா?

இதை எழுதும் நாம் இந்தக் கேள்வியில் ஒரு முறை தவறியவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசல் கட்டட நிதிக்கு ஆயிரம் வெள்ளி எழுதினோம். ஜமாஅத்தார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்பட்டது, மனம் குளிர்ந்தது. அதே மாதத்தில் ஊரில் உம்மாவுக்குக் கண்புரை அறுவைக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. "அடுத்த மாதம் அனுப்புகிறேன் உம்மா" என்றோம். "அதற்கென்ன வாப்பா, பள்ளி வேலை முதலில் முடியட்டும்" என்றார்கள். அடுத்த மாதம் இரண்டு மாதமாயிற்று. அந்த நாட்களில் உம்மா குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துத் தெரியாமல், மனப்பாடமான சூராக்களையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தார்கள் என்று தங்கை பிற்பாடு சொன்னாள். ஜமாஅத்தார் கேட்ட பெயர் அன்று நம் காதில் கசந்தது.

இதற்கு எதிரான தவறும் நம்மிடையே உண்டு. "பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு தருமம்" என்கிறோம். பிள்ளைகள் தலையெடுத்து, பேரன் பேத்தி கண்டு, ஒரு கடை மூன்று கடையான பின்னும் அந்தப் 'பிறகு' வருவதில்லை. மையத்து வீட்டில்தான் சொத்துக் கணக்கு முதன்முதலாகப் பேசப்படுகிறது.

இரண்டு தவற்றுக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. நோயுற்றிருந்த ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதியையும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைக் கையேந்த விட்டுச் செல்வது நல்லதன்று என்று விளக்கினார்கள். அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடி மனைவிக்கு ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்றும் சொன்னார்கள். ஆக, வீட்டுக்குக் கொடுப்பதும் தருமமே. வீடு வேறு, தொண்டு வேறு என்று நாம் போட்ட கோடு மார்க்கம் போட்ட கோடன்று.

மூன்றில் ஒன்று என்பது மரண சாசனத்துக்கு உரிய எல்லை. உடல் நலமாக இருக்கும்போது மனமொப்பிக் கொடுப்பதன் சட்டம் வேறு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஹகீம் சாகிப் வக்ஃபு செய்தது மரணப் படுக்கையில் அன்று. அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியே இருந்தது! இதை எழுதும் நாம் அந்த வயதைத் தாண்டிவிட்டோம். வாசிக்கும் நம்மில் பலரும் தாண்டியிருப்போம்.

பினாங்கில் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் எழக் காரணமானவர்கள் நம் முன்னோர்கள். பிழைக்க வந்த இடத்தில், வாழும் காலத்திலேயே கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆகவே சகோதரர்களே, இவ்வாண்டு ஐந்தொகை போடும்போது பேரேட்டில் இரண்டு கேள்விகளையும் எழுதிப் பார்ப்போம். ஊரில் நம் கையை எதிர்பார்த்திருப்போருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதா? சேர்ந்தபின் மிஞ்சியதில், நாம் மூச்சோடு இருக்கும்போதே பிறருக்கென்று என்ன ஒதுக்கினோம்? முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவதற்குத் தாவுகிறவன் பேருக்குக் கொடுக்கிறான். முதல் கேள்வியையே சாக்காக வைத்து இரண்டாவதைத் தள்ளுகிறவன் கொடுக்காமலே போகிறான்.

உம்மாவுக்கு அறுவை நன்றாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது முஸ்ஹஃபைப் பார்த்தே ஓதுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தை மட்டும் நம்மால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.