ஒளிந்திருந்து பார்ப்பவன்

ஒரே மங்கோலியன் கையால் பதினேழு முறை செத்தேன். மார்கழிக் குளிரில், ஏற்காட்டில், மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்ட வீடொன்றில், காலுக்குக் கம்பளி போர்த்தி உட்கார்ந்தபடியே செத்தேன். அக்கா மகன் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு. பரீட்சை முடிந்து வந்தவன் சின்னப் பையில் துணிமணியும் பெரிய பையில் பிளேஸ்டேஷனும் கொண்டுவந்திருந்தான். வெளியே பத்தடிக்கு அப்பாலிருக்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத மூடுபனி. "சும்மாதானே இருக்கீங்க, ஆடிப் பாருங்க மாமா" என்று கருவியைக் கையில் திணித்தான்.

விளையாட்டின் பெயர் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. சக்கர் பஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கி 2020-ல் வெளிவந்தது. 1274-ல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமாத் தீவில் இறங்கியது சரித்திரம். அந்தத் தீவைக் காக்க சோ சுகேகுனி என்ற தலைவர் எண்பது குதிரை வீரர்களோடு கொமோடா கடற்கரையில் நின்றார், மாண்டார் என்று ஜப்பானிய மரபு சொல்கிறது. விளையாட்டும் அதே கடற்கரையில்தான் தொடங்குகிறது. ஆனால் இதில் ஜின் சகாய் என்ற கற்பனைச் சாமுராய் ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். அவன்தான் நாம். மற்றபடி சரித்திரத்தை இது ரொம்பவும் மதிப்பதில்லை. ஹைக்கூ பிறக்கப் பல நூற்றாண்டுகள் இருக்கும்போதே நாயகன் அருவிக்கரையில் உட்கார்ந்து ஹைக்கூ எழுதுகிறான். அதை நான் மன்னித்துவிட்டேன். செத்துக்கொண்டிருப்பவனுக்கு இலக்கிய வரலாறு முக்கியமில்லை.

எதிரியைக் கண்டதும் அடிக்கிற பொத்தானை விடாமல் அமுக்குவது என் போர்முறை. அவன் என் வாளை ஒதுக்கிவிட்டு ஈட்டியை இறக்குவான். திரை மங்கும். மறுபடி அதே இடத்தில் எழுந்து நிற்பேன். பத்துப் பன்னிரண்டு தடவை பொறுத்துப் பார்த்த பையன் கடைசியில் சொன்னான்: "மாமா, நீங்க கோபத்துல அடிக்கிற மாதிரி தெரியுது. ஆனா பயத்துலதான் அடிக்கிறீங்க. அவன் அடிக்கட்டும், விடுங்க."

சுருக்கென்றது. பதினெட்டு வயதுப் பிள்ளை விளையாட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னான்.

பிறகு பாடம் நடந்தது. எதிரியின் ஆயுதம் இறங்கும் அந்தக் கண நேரத்தில் தடுப்புப் பொத்தானை அழுத்தினால் அவன் நிலைகுலைவான். முன்னால் அழுத்தினால் வெறும் தடுப்பு, பின்னால் அழுத்தினால் சாவு. அவன் ஆயுதம் நீலமாக மின்னினால் நின்று எதிர்கொள்ளலாம், சிவப்பாக மின்னினால் விலகியே ஆகவேண்டும். வாள்காரனுக்குக் கல் நிலை, கேடயக்காரனுக்கு நீர் நிலை, ஈட்டிக்காரனுக்குக் காற்று நிலை, பெருத்த உடம்புக்காரனுக்கு நிலா நிலை. நம் சிலம்பத்திலும் கம்பு கைக்கு வருமுன் காலடியைத்தான் பழக்குவார்கள். எங்கே நிற்பது என்று தெரியாதவன் கையில் கம்பிருந்து என்ன பயன்? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்த ஈட்டிக்காரனைச் சும்மா பார்த்தேன். குத்துமுன் வலது தோளைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறான். பதினேழு முறையும் இழுத்திருப்பான். அடிப்பதில் மும்முரமாக இருந்த எனக்கு அந்தத் தோள் தெரியவே இல்லை.

இந்த நிலைகளைக் கற்கும் வழிதான் என்னை யோசிக்க வைத்தது. மங்கோலியத் தலைவன் ஒருவன் முகாமுக்குள் தனியே வாள் பழகிக்கொண்டிருப்பான். நாம் நாணல் போன்ற உயர்ந்த புல்லுக்குள் குனிந்து, அவன் அறியாமல் பார்க்கவேண்டும். பார்த்து முடித்தால் நம் கணக்கில் பாடம் ஏறும். கொன்றாலும் ஏறும். பார்த்துவிட்டுக் கொன்றால் இரட்டிப்பு ஆதாயம். குருவுக்குத் தான் குரு என்பதே தெரியாது.

ஒளிந்து போகும் கலையை ஜின்னுக்குச் சொல்லித்தருபவள் யூனா என்ற திருடி. முதல்முறை ஒருவனைப் பின்னாலிருந்து குத்தும்போது அவனுக்கு வளர்த்த மாமனின் பாடம் நினைவுக்கு வருகிறது. உயிரை எடுப்பவன் எதிரியின் கண்ணைப் பார்த்து எடுக்கவேண்டும் என்று சொல்லி வளர்த்தவர் அவர். கதை முழுவதும் இந்தக் கூச்சம்தான்: ஒளிந்து கொல்வது மானமுள்ளவன் செய்யும் காரியமா?

தமிழனுக்கு இந்தக் கூச்சம் அவ்வளவாக இருந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் புறத்திணைகளை வெட்சியில்தான் தொடங்குகிறது. வெட்சி என்றால் வேந்தன் ஏவ, வேற்று நாட்டுக்குள் களவாகப் புகுந்து ஆநிரை கவர்ந்து வருவது. இலக்கணமே அதைக் களவு என்று கூசாமல் சொல்கிறது. அதன் துறைகள் பதினான்கையும் வரிசையாகப் படித்தால், இந்தக் காலத்து ஒளிந்தாடும் விளையாட்டொன்றின் கட்டங்களைப் போலவே இருக்கும். படை கிளம்பும் ஓசை, நற்சொல் கேட்டல், பகையின் பக்கத்தார் அறியாமல் போதல், ஒற்றறிதல், ஊருக்கு வெளியே சூழ்ந்து தங்குதல், அப்புறம் ஊர்கொலை, மாடு கவரும் ஆகோள். அதோடு முடிவதில்லை. கவர்ந்த மாடுகளை வருத்தாமல் ஓட்டி வருவதற்கும் ஒரு துறை உண்டு. பிறகு பங்கு பிரிக்கும் பாதீடு, கூடிக் களிக்கும் உண்டாட்டு, இரவலர்க்குக் கொடை. ஊரைக் கொன்றவர்கள் மாட்டுக்கு வலிக்காமல் ஓட்டினார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நற்பண்பு என்று புகழவும் வாய் வரவில்லை. இரவில் ஒளிந்து போகிறவன் எதற்குச் சிவந்த வெட்சிப்பூவைச் சூடினான் என்பதும் வெகுநாள் சந்தேகம். அரையிருட்டில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும் என்று ஒருநாள் தோட்டத்தில் பார்த்தபோது, அதுவாக இருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறன் என்கிறது தொல்காப்பியம். அகத்தில் குறிஞ்சியின் ஒழுக்கமும் களவுதான், காதலர் ஊரறியாமல் கூடுவது. நிலம் மலை, பொழுது யாமம், பருவம் கூதிரும் முன்பனியும். அதாவது நான் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அதே மலை, அதே மார்கழி, அதே இரவு. மாடு பிடிக்கப் போகிறவனும் மனம் பிடித்தவளைப் பார்க்கப் போகிறவனும் ஒரே இருட்டில், ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார்கள். இருவருக்கும் தடைகளும் ஒன்றே. அகநானூற்றில் பரணர் பாடிய ஒரு பாட்டில் தலைவி இந்தத் தடைகளை எண்ணுகிறாள். ஊர் தூங்கினால் தாய் தூங்கவில்லை, தாய் தூங்கினால் காவலர் சுற்றுகிறார்கள், அவர்கள் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது, நாய் அடங்கினால் நிலா எறிக்கிறது, நிலா மறைந்தால் கூகை அலறுகிறது, எல்லாம் ஒடுங்கும்போது கோழி கூவிவிடுகிறது. அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "செம லெவல் டிசைன் மாமா" என்றான். பரணருக்கு இதைவிட நேர்மையான உரை எழுத முடியாது.

அந்த நாய்க்கும் நடுகல்லில் இடம் கொடுத்த ஊர் நம் ஊர். செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்று, கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்து நின்ற கதையைச் சொல்கிறது. தருமபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க இப்படித் தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்தபோதும் மீட்டபோதும் விழுந்தவர்களின் கற்கள். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லில் ஆகோள் என்ற சொல்லே இருக்கிறது. தொல்காப்பியத்தின் துறைப்பெயர் கல்லிலும் கிடந்ததில் தமிழறிஞர்களுக்கு அன்று வந்த மகிழ்ச்சி நியாயமானது. எனக்கு வேறொன்று தோன்றியது. ஒளிந்து மாடு பிடித்துப் பத்திரமாக வீடு திரும்பியவனுக்குக் கல் இல்லை. உண்டாட்டோடு அவன் கதை முடிந்தது. விழுந்தவனுக்கே கல். சண்டை நடந்து ஒருவன் விழுந்தான் என்றால், அந்த இடத்தில் ஒளிவு முடிந்துவிட்டது என்று அர்த்தம். எதிரில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். பதினெட்டாவது முறை எழுந்து நிற்கும் வசதியும் அவனுக்கு இல்லை.

மூன்றாம் நாள் நான் தேறிவிட்டேன். முகாம்களைச் சத்தமில்லாமல் காலி செய்தேன். கூரைமேல் படுத்துக் காவலர்களைப் பார்ப்பேன். ஒருவன் தீயருகே குளிர் காய்வான். இன்னொருவன் வேலிவரை போய், கொஞ்சம் நின்று, திரும்புவான். சத்தம் கேட்டால் தேடுவான், காணாவிட்டால் ஒன்றுமில்லை என்று பழைய இடத்துக்கே போய்விடுவான், பாவம். எவன் எங்கே எத்தனை நொடி நிற்பான் என்பது எனக்கு மனப்பாடம். நடுநிசியில் ஒரு கணம் திடுக்கிட்டது. என் வாழ்க்கையில் யாரை இவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறேன்? இவ்வளவும் எதற்கு என்றால், அவன் கழுத்தை அறுக்க.

கவனிப்பு என்றாலே அன்பு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். எழுதுகிறவர்களுக்கு இந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம். வீட்டை நோட்டம் விடும் திருடனும் கவனிக்கிறான். நாம் எந்தப் படத்தில் விரலை எத்தனை நொடி நிறுத்தினோம் என்று கைபேசிக்குள் இருந்து கணக்கெடுப்பவனும் கவனிக்கிறான். தாய் கவனிக்கிற அளவுக்கே கவனிக்கிறான், சொல்லப்போனால் அதைவிடக் கூர்மையாக. பார்வையின் கூர்மையை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தக் களவு என்று சொல்லிவிட முடியாது.

என் கதையும் இதுதான். இந்தத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று அறுவடைக் காலம் ஒரு பெண் காப்பிப்பழம் பறிப்பதைப் பார்த்தேன். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கிளையை ஒரு கையால் வளைத்து, பச்சையைத் தொடாமல் சிவப்பை மட்டும் உருவுவாள். பழத்தின் பிசினால் கறுத்த விரல்கள். அந்த விரல்களை வைத்து நானொரு கட்டுரை எழுதினேன். நன்றாக இருக்கிறதென்று நாலு பேர் சொன்னார்கள். அவள் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை. தன்னைப் பற்றி ஒருவன் எழுதினான் என்பது அவளுக்குத் தெரியாது. உயர்ந்த புல்லுக்குள் குனிந்திருந்து, பாடத்தை என் கணக்கில் ஏற்றிக்கொண்டேன்.

அகப்பாட்டின் தோழி இப்படிப்பட்டவனை விடமாட்டாள். இருட்டில் வந்து போகிறவனை ஒரு கட்டத்தில் மறித்து, போதும், ஊரறிய வந்து மணந்துகொள் என்பாள். வரைவு கடாதல் என்று அதற்குப் பெயரே உண்டு. களவு இனிமையானது, ஆனால் அது கற்பில் போய்ச் சேரவேண்டும் என்பதில் அந்தக் கவிஞர்களுக்குச் சந்தேகமே இல்லை. வெட்சிகூட ஊர் நடுவே உண்டாட்டாகவும் கொடையாகவும்தான் முடிகிறது. இரண்டிலும் மறைந்தவன் வெளியே வந்தாக வேண்டும். ஒருவரைப் பார்ப்பது என்ற வேலையில் ஒளிந்திருந்து பார்ப்பது பாதிதான். அவர் திரும்பிப் பார்க்கும்படி நிற்பது மீதிப் பாதி. அந்த ஈட்டிக்காரன் முன்னால் என் கை உதறியது இந்தப் பாதியைக் கண்டுதான்.

இதையெல்லாம் எனக்குத் தெளியவைத்தவர் தோட்டத்துக் காவல்காரர். மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி இனத்தவர். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் வழி சேர்வராயன் மலைக்காரர்கள் என்றும், நடுவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்றும் அவர்களிடையே கதை உண்டு. நாலாம் நாள் விடியலில் அவரோடு தோட்டத்துக்குள் இறங்கினேன். ஏற்காட்டுத் தோட்டங்களில் இப்போது காட்டுமாடுகள் சர்வசாதாரணம். முதிர்ந்த கடா ஒரு டன்னை நெருங்கும். புதுக் கலையை மலையில் சோதிக்கும் ஆசையில் நான் குனிந்து, சருகு நொறுங்காமல், செடிக்குச் செடி நழுவிப் போனேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கய்யா, கால் வலியா?"

"இல்லண்ணே. மாடு இருந்தா நாம வர்றது தெரியக்கூடாதே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "தெரியணுமுங்க. பனியில தெரியாம கிட்டப் போய் நின்னாத்தான் அது வெருண்டு தூக்கிப் போடும். ஆள் வர்றது தெரிஞ்சா அது பாட்டுக்கு ஒதுங்கிப் போயிரும். இல்லாட்டி நாம ஒதுங்கிக்கலாம்."

சொல்லிவிட்டுக் கைத்தடியால் பாறையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டினார், தொண்டையைச் செருமினார். கீழே பனிக்குள் எங்கோ ஒரு கனத்த உடம்பு கிளைகளை முறித்துக்கொண்டு விலகிப் போனது. விளையாட்டில் இதற்கும் ஒரு பொத்தான் உண்டு. முகாம் வாசலில் போய் நின்று, உரக்க அறைகூவல் விட்டு, உறையில் வாளோடு காத்திருப்பது. எதிரி பொய்யாக ஒரு அடி எடுத்து வைத்து ஏமாற்றுவான். அப்போதும் அசையாமல், அவன் மெய்யாகப் பாயும்போது மட்டும் கையை விடுவிக்கவேண்டும். அன்றிரவு அதை முயன்று பதினெட்டாவது முறை செத்தேன்.

மறுநாள் பையன் பைகளைக் கட்டிக்கொண்டு சேலத்துக்குப் பேருந்து ஏறினான். நான் திண்ணையில் உட்காராமல் தடியை எடுத்துக்கொண்டு பறிப்பு நடக்கும் சரிவுக்கு இறங்கினேன். முதல் திருப்பத்தில் தொண்டையைச் செருமினேன். செடிகளுக்கு நடுவிலிருந்து நாலைந்து தலைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தன.