பேரேட்டில் ஏறாத நஷ்டம்

லாபம் தேடுவது ஆகுமானதே. ஆனால் அதன் நஷ்டத்தைப் பிறர் தலையில் கட்டலாமா?

1998-ல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. ஒரே நிலத்தில் இரட்டை வருமானம் கருதி, கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் வைத்திருந்தனர். கனி தேடிப் பழந்தின்னி வௌவால்கள் வந்தன. அவை கடித்துப் போட்ட பழத்தால் நிப்பா கிருமி பன்றிக்கும், பின் மனிதருக்கும் தொற்றியது என்பது ஆராய்ந்தோர் கருத்து. விற்ற பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் போயிற்று. 1999-க்குள் மலேசியாவில் 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரிலும் அறுப்புக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார்.

“அது நமக்கு விலக்கான பண்டம், நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். பண்டம் வேறு, கணக்கு ஒன்றே. தோட்டமும் மனையும் வாங்குவோர் நம்மிலும் உண்டு. மாமரம் வைத்தவர் விளைவை அறியாமல் வைத்தார். நாமோ அறிந்துவிட்டோம். ஆகவே ஒரு நிலத்தைத் திருத்துமுன், அங்குள்ள பிராணிகள் எங்கே போகும், அவற்றின் அருகே எந்தத் தொழிலாளி நிற்பான் என்று விசாரிப்பதும் நம் கடமை. அந்த விசாரணைக்கு ஆகும் செலவையும் முதலில் சேர்த்து எழுதுங்கள். பிறகு லாபம் பாருங்கள்.