பொன்னாடைக்குப் பின்

பங்கு அருட்பணிப் பேரவைக்குப் புதிய உறுப்பினர் ஒருவர் வரும் ஞாயிறன்று நம் கோயில்களில் நடப்பதை அனைவரும் அறிவோம். திருப்பலியின் முடிவில் பெயர் வாசிக்கப்படும், அவர் பீடத்தின் முன் வந்து உறுதிமொழி கூறுவார், பொன்னாடை போர்த்தப்படும், இறைமக்கள் கைதட்டுவர். பின்னர் பங்கு இல்லத் திண்ணையில் காப்பியும் வடையும் உண்டு. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், வந்தவரிடம் நாம் உண்மையில் எதிர்பார்ப்பது என்ன என்னும் வினா நம்மைப் பல ஆண்டுகளாக உறுத்தி வருகிறது. அவர் நம்மைப்போல் ஆகிவிட வேண்டும் என்பதா? அவரால் நாமும் சற்று மாறத்தான் வேண்டும் என்பதா?

துறவற மரபின் தந்தையாகிய புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில் இரண்டிற்கும் இடம் உண்டு. புதிதாக வருபவரை எளிதில் உள்ளே விடலாகாது, சில நாள்கள் வாயிலில் நின்று தட்டட்டும் என்கிறது 58ஆம் அதிகாரம். முக்கியமான காரியங்களில் மடத்தின் அனைவரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனெனில் சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறது 3ஆம் அதிகாரம். நம் பங்குகளில் 58ஆம் அதிகாரத்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே கடைப்பிடிக்கிறோம். 3ஆம் அதிகாரத்தைத்தான் மறந்துவிடுகிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு மீண்டும் படிக்கலாம். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டனர். எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அந்த எழுவருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. அவருள் அந்தியோக்கியா நிக்கொலா யூத மறைக்கே புதிதாக வந்து சேர்ந்தவர். அதாவது, முறையிட்ட தரப்பிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. இன்னொன்றையும் காண்க. பந்தியைக் கவனிக்க அமர்த்தப்பட்ட ஸ்தேவானும் பிலிப்பும் விரைவிலேயே போதிக்கத் தொடங்கிவிடுகின்றனர். "உமக்குக் கொடுத்த வேலை இதுவன்று" என்று திருத்தூதர்கள் தடுத்ததாக நூலில் ஒரு சொல்லும் இல்லை.

நம் நெல்லைச் சீமையின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அருள்தந்தை புத்தாரி, திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளைக்குத் திருமுழுக்கு அளித்தார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதும் பின்னாளில் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 2022 மே 15 அன்று அவரைப் புனித தேவசகாயம் எனத் திருச்சபை அறிவித்தது. அதே வடக்கன்குளத்தில்தான் 19ஆம் நூற்றாண்டில் இரு சாதியார் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தை நோக்கும்படி இரு சிறகுகளோடு கோயில் எழுந்தது. நடுவில் நின்ற தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. புனிதரை வரவேற்ற ஊர் என்பதால் வரவேற்கும் பண்பு தானாக வழிவழி வந்துவிடுவதில்லை.

அந்தச் சுவரைப்பற்றி நாம் மறையுரைகளில் பலமுறை பேசியிருக்கிறோம். நம் பொறுப்பில் இருந்த ஒரு பங்கில் நடந்ததை மட்டும் பேசியதில்லை.

கிளைக் கிராமத்திலிருந்து இளம்பெண் ஒருவரைப் பேரவைக்குச் சேர்த்தோம். வாசகர், பீடப் பணியாளர் ஆகிய பணிகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்துவிட்ட 2021ஆம் ஆண்டு அது. மனம் மகிழ்ச்சியாக இருந்தது. பொன்னாடை போர்த்தினோம். நாற்காலிகளையும் தேநீரையும் கவனிக்கும் பொறுப்பையும் கொடுத்தோம்! மூன்றாம் கூட்டத்தில் அவர் எழுந்து, "எங்க தெருவுக்குத் திருவிழாச் சப்பரம் ஏன் வர்றதில்ல, சாமி?" என்று கேட்டார். பெரியவர் ஒருவர், "தெரு குறுகல், சப்பரம் திரும்பாது" என்றார். நாமோ அடுத்த பொருளுக்குக் கடந்துவிட்டோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 536ஆம் சட்டப்படி பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு என்பதை நாம் அறிந்திருந்தோம். வசதியானபோது சட்டம் நன்றாக நினைவுக்கு வருகிறது. கேட்கத்தான் பேரவை இருக்கிறது என்பதும் அதே சட்டத்தின் பொருள் என்பது அன்று நினைவுக்கு வரவில்லை.

நான்காம் கூட்டத்திற்கு அவர் வரவில்லை, ஐந்தாவதற்கும் வரவில்லை. வீடு தேடிப் போனோம். கோபமாகப் பேசுவார் என்று எண்ணியிருந்தோம். அவர் தாயார் மோர் கொடுத்தார். பெண் ஒன்றே ஒன்று சொன்னார்: "தெருவுக்குத் தண்ணி லாரி வந்து திரும்பிப் போகுது, சாமி."

திருப்புடைமருதூரில் கடனாநதி தாமிரபரணியோடு சேர்கிறது. அதன்பின்னும் ஆற்றின் பெயர் தாமிரபரணிதான். கீழ்வயல்களுக்குப் பாய்வதோ இரண்டின் நீரும். அன்று திரும்பி வருகையில் இதையே எண்ணிக்கொண்டு வந்தோம். பேரவையின் பெயரும் பதிவேடும் மாற வேண்டியதில்லை; ஆனால் அவர் வந்தபின்னும் எல்லா முடிவுகளும் முன்போலவே இருந்தால் அவர் வரவே இல்லை என்றுதானே பொருள்?

அடுத்த கூட்டத்தில் சப்பரத்தின் வழியை முதற்பொருளாக வைத்தோம். அதைப் பார்த்து முடிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். இளைஞர் இருவரோடு கயிறு பிடித்துத் தெருவை அளந்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் தாழ்வாரக் கீற்றைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ள இசைந்தனர். அவ்வாண்டு சப்பரம் அத்தெருவிற்குள் போய்த் திரும்பியது. திரும்பும் இடத்தில் சற்று நேரம் பிடித்தது உண்மை.

திருவிழாக் கணக்கை நெடுங்காலம் ஒரு பைசா பிசகாமல் பார்த்துவந்த அந்தப் பெரியவர், மறுவாரம் பதிவேடுகளைப் பங்கு இல்லத்தில் வைத்துவிட்டுப் போனார். பேரவைக்கு அதன்பின் வரவில்லை. புதியவரைத் தேடிப் போன நாம் அவர் வீட்டிற்கு இன்னும் போகவில்லை.